ஃப்ரை பேன் வாங்கும்போது பலரும் செய்யும் தவறுகள்

ஃப்ரை பேன் மொத்தமாக ஒரே நாளில் கெட்டுப்போவதில்லை. ஏதோ ஒரு பகுதிதான் முதலில் போகும். ஒன்றில் மேல்பூச்சு உரியும், இன்னொன்றில் அடி வளைந்து அடுப்பில் ஆடும், வேறொன்றில் கைப்பிடி லொடலொடவென்று தளர்ந்துவிடும். மற்றதெல்லாம் நன்றாக இருந்தும் பாத்திரம் மூலைக்குப் போய்விடும். அதனால் கடையில் நிற்கும்போது "இது எத்தனை வருடம் வரும்?" என்று கேட்பதைவிட, "இதில் முதலில் போகப்போவது எது, போனால் சரிசெய்ய முடியுமா?" என்று யோசிப்பது உபயோகமானது. கீழே சொல்லும் தவறுகள் எல்லாமே இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதால் வருபவைதான்.

நான்ஸ்டிக்கை ஆயுசுக்கும் என்று நினைத்து வாங்குவது

நான்ஸ்டிக் பேனில் முதலில் போவது பூச்சு. இதில் விதிவிலக்கு கிடையாது. எவ்வளவு உசத்தியான பேன் என்றாலும் சரி, கொஞ்சம் முன்னே பின்னே ஆகுமே தவிர, முடிவு அதேதான்.

காரணம் அந்தப் பொருளிலேயே இருக்கிறது. டெஃப்லான் என்று நாம் சொல்லும் பி.டி.எஃப்.இ.யை 1938இல் அமெரிக்காவில் டூபான்ட் நிறுவனத்தில் வேலை பார்த்த ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டுபிடித்தார். எதுவும் ஒட்டாது என்பதுதான் அதன் பெருமை. ஆனால் எதுவும் ஒட்டாத பொருள் பாத்திரத்தில் மட்டும் எப்படி ஒட்டும்? 1950களில் பிரான்சில் மார்க் கிரெகுவார் என்ற பொறியாளர் அதற்கு வழி கண்டார்: அலுமினியத்தின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, அந்தக் குழிகளில் பூச்சைப் பிடித்து நிற்கவைத்தார். டெஃபால் நிறுவனம் அப்படித்தான் பிறந்தது. இன்று அடிப்பூச்சு, நடுப்பூச்சு, மேல்பூச்சு என்று தொழில்நுட்பம் வளர்ந்திருக்கிறது. ஆனாலும் ஒட்டப் பிடிக்காத ஒன்றை வலுக்கட்டாயமாகப் பிடித்துவைத்திருக்கும் ஏற்பாடுதான் அது. ஒரு கீறல் விழுந்தால் அதன் ஓரத்திலிருந்து பிடி தளர ஆரம்பிக்கும்.

கரண்டியைவிடப் பெரிய எதிரி சூடு. சுமார் 260 டிகிரி செல்சியஸ் வரைதான் இந்தப் பூச்சுக்குப் பாதுகாப்பான எல்லை. அதைத் தாண்டினால் மெல்ல மெல்லச் சிதையத் தொடங்கும். 350 டிகிரியை நெருங்கும்போது வேகமாகச் சிதைந்து புகை வரும். அந்தப் புகை மனிதருக்குக் காய்ச்சல் போன்ற உபாதை தரும். வீட்டில் வளர்க்கும் பறவைகளைக் கொன்றேவிடும். வெறும் பேனைப் பெருந்தீயில் வைத்துவிட்டு ஃபோனை எடுத்துப் பேச ஆரம்பித்தால், சில நிமிடங்களிலேயே இந்த எல்லையைத் தாண்டிவிடலாம். எண்ணெய் ஊற்றியிருந்தால் ஒரு நன்மை உண்டு: பெரும்பாலான சமையல் எண்ணெய்கள் 260 டிகிரிக்கு முன்பே புகைய ஆரம்பித்துவிடும். எண்ணெய் புகைந்தால் தீயைக் குறைக்க வேண்டும் என்று அர்த்தம்.

ஆக, பெருந்தீயில் வதக்கும் பழக்கம் உள்ளவர் நான்ஸ்டிக்கை அன்றாடப் பேனாக வைத்துக்கொண்டால், அடிக்கடி புதிது வாங்கத் தயாராக இருக்க வேண்டும். முட்டை, மெல்லிய மீன் மாதிரி ஒட்டிக்கொண்டு படுத்தும் சமாச்சாரங்களுக்கு மட்டும், நடுத்தரத் தீயில், மரக்கரண்டியோ சிலிகான் கரண்டியோ வைத்துப் புழங்கினால் நன்றாக நாள் கழிக்கும்.

பெயரைப் பார்த்து மயங்குவது

கிரானைட், மார்பிள், டைமண்ட், டைட்டானியம். இந்தப் பெயர்களில் வரும் பேன்கள் கல்லாலோ வைரத்தாலோ ஆனவை இல்லை. பெரும்பாலும் அதே பி.டி.எஃப்.இ. பூச்சுதான், அதில் கொஞ்சம் கனிமத் துகள் கலந்திருக்கும், அல்லது வெறும் புள்ளி டிசைன் போட்டிருப்பார்கள். நிஜமாகவே துகள் கலந்திருந்தால் கீறலைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். சூட்டைத் தாங்கும் விஷயத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது.

செராமிக் என்பது வேறு ரகம். அது சிலிக்கா அடிப்படையிலான பூச்சு. சூட்டை நன்றாகத் தாங்கும், மேலே சொன்ன புகைப் பிரச்சினையும் இல்லை. ஆனால் ஒட்டாத தன்மை டெஃப்லானைவிடச் சீக்கிரம் போய்விடும். பார்க்கப் பளபளவென்றுதான் இருக்கும், முட்டை மட்டும் ஒட்டும். நீண்ட நாள் உழைக்கும் என்ற நினைப்பில் செராமிக் வாங்குவது எனக்குத் தெரிந்து மிகப் பரவலான தவறு.

"பி.எஃப்.ஓ.ஏ. இல்லாதது" என்ற ஸ்டிக்கரையும் கவனியுங்கள். பூச்சு தயாரிப்பில் முன்பு பயன்பட்ட ரசாயனம் அது. பெரிய நிறுவனங்கள் 2015க்குள் அதைக் கைவிட்டன. எளிதில் சிதையாத நச்சு ரசாயனங்களுக்கான சர்வதேச ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியலிலும் 2019இல் சேர்ந்தது. பெரும்பாலோர் விட்டுவிட்ட ஒன்றைத் தாங்களும் விட்டதாகச் சொல்வது தரச் சான்று ஆகாது. பூச்சு எத்தனை நாள் நிற்கும் என்பதற்கும் அந்த ஸ்டிக்கருக்கும் சம்பந்தமே இல்லை.

கனத்தைப் பார்க்காமல் விடுவது

உழைப்பு என்று வரும்போது பூச்சுக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது அடியின் கனம். பலர் பார்ப்பது மேல் விளிம்பின் கனத்தை. விளிம்பை மடித்துவிட்டால் மெல்லிய தகடுகூடத் தடிமனாகத் தெரியும்! அதனால் பேனைக் கவிழ்த்து, அடி நடுவில் இரண்டு கட்டைவிரலாலும் அழுத்திப் பாருங்கள். கொஞ்சம் உள்வாங்கி, விட்டதும் டப்பென்று மீண்டால் அதை அங்கேயே வைத்துவிட்டு நகரலாம். அலுமினியப் பேன் என்றால் அடி 3 மி.மீ.க்குக் குறையக் கூடாது. கார்பன் ஸ்டீல் (பூச்சில்லாத எஃகுத் தகடு) என்றால் 2 முதல் 3 மி.மீ. வரை இருப்பது நல்லது.

மெல்லிய அடி ஏன் வளைகிறது? அடுப்பின் தீ படும் இடம் சூடாகி விரிகிறது, சுற்றியுள்ள இடம் அந்த அளவு சூடாகாததால் விரிய மறுக்கிறது. நடுப்பகுதிக்கு இடம் போதாமல் மேலேயோ கீழேயோ புடைத்துக்கொள்கிறது. கனமான அடியில் சூடு பக்கவாட்டிலும் பரவ வழி இருப்பதால் இந்த இழுபறி குறைவு.

எவர்சில்வரில் இது இன்னும் முக்கியம். அலுமினியத்தோடு ஒப்பிட்டால் எவர்சில்வர் சூட்டைக் கடத்துவது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒற்றைத் தகட்டில் செய்த எவர்சில்வர் பேனில் தீ வளையம் எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் கருகும், பக்கத்தில் பச்சையாக நிற்கும். இதைச் சரிசெய்யத்தான் நடுவில் அலுமினியம் வைக்கிறார்கள். அதிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, அடியில் மட்டும் ஒரு கனமான தட்டை ஒட்டியது. பேனின் வெளிப்பக்கம், அடிக்குக் கொஞ்சம் மேலே, ஒரு கோடு மாதிரி ஓரம் தெரியும். மற்றொன்று, பக்கச் சுவர் உட்பட முழுக்க மூன்று அடுக்காகச் செய்தது. இதில் அந்தக் கோடு இருக்காது. முதல் வகையில் தீ அந்தத் தட்டை விட்டு வெளியே நக்கினால் ஓரம் வட்டமாகக் கருகும். தீயை அளவாக வைத்துக்கொண்டால் அதுவும் நன்றாகவே உழைக்கும்.

ஐந்து அடுக்கு, ஏழு அடுக்கு என்று விளம்பரம் செய்வார்கள். அடுக்குகளின் எண்ணிக்கையைவிட மொத்தக் கனமும், அதில் அலுமினியம் எவ்வளவு என்பதும்தான் கணக்கு. மெல்லிய ஏழு அடுக்கைவிடக் கனமான மூன்று அடுக்கு மேல்.

எவர்சில்வர் ஒட்டுகிறது என்று குறை சொல்பவர்கள் நிறைய. பேனை முதலில் காயவைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அது உடனே ஆவியாகாமல் முத்து மாதிரி உருண்டு ஓட வேண்டும். அப்போது எண்ணெய் விட்டு, மீனையோ இறைச்சியையோ போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். அடிப்பக்கம் சிவந்ததும் பெரும்பாலும் தானே விடும். வானவில் நிறத்தில் படரும் கறை, கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை. சூட்டில் மேற்பரப்பில் உண்டான மெல்லிய ஆக்சைடு படலம் அது. கொஞ்சம் வினிகர் போட்டுத் துடைத்தால் போய்விடும்.

அடுப்பை மறந்துவிட்டு வாங்குவது

அளவு என்று பெட்டியில் போட்டிருப்பது மேல் விளிம்பின் விட்டம். 28 செ.மீ. பேனின் சமதளமான அடி 20, 22 செ.மீ.தான் இருக்கும். அடுப்பின் தீ வட்டத்தோடு பொருந்த வேண்டியது இந்த அடிதான். சின்ன பர்னரில் பெரிய பேனைத் தொடர்ந்து வைத்தால், மேலே சொன்ன அந்த இழுபறி இன்னும் அதிகமாகும்.

அடி சமமாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஸ்கேல் போதும். கவிழ்த்த பேனின் குறுக்கே நிறுத்தி வையுங்கள். நடுவில் மயிரிழை இடைவெளி தெரிந்தால் பயப்பட வேண்டாம். சூட்டில் விரியும்போது சமமாகட்டும் என்று சிலர் வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள். மாறாக, ஸ்கேல் நடுவில் முட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் ஆடினால், அந்தப் பேன் மேடையில் பம்பரம் சுற்றும். கண்ணாடி மேற்பரப்புள்ள மின் அடுப்பிலும் இண்டக்‌ஷனிலும் அது உபயோகப்படாது.

இண்டக்‌ஷன் என்றால் காந்தம் கொண்டு போங்கள். அடியில் கெட்டியாக ஒட்ட வேண்டும். அலுமினியப் பேனில் ஓட்டை ஓட்டையாக ஒரு இரும்புத் தட்டைப் பதித்து 'இண்டக்‌ஷனுக்கு ஏற்றது' என்று விற்பதுண்டு. அந்தத் தட்டு எவ்வளவு அகலமோ அவ்வளவுதான் நேரடியாகச் சூடாகும். உள்ளங்கை அளவுக்குத் தட்டு இருந்தால் அதற்குத் தகுந்த சமையல்தான் நடக்கும்.

வார்ப்பிரும்பு வாங்கினால் போதும் என்று நினைப்பது

பூச்சு வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் அடுத்து ஓடுவது வார்ப்பிரும்பிடம். தலைமுறை தாண்டி நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் 26 செ.மீ. பேனே இரண்டு கிலோவைத் தாண்டும். ஒரு கையால் தூக்கிச் சாய்த்து ஊற்ற முடியுமா என்று கடையிலேயே செய்து பாருங்கள். முடியாவிட்டால் அது அலமாரியில்தான் தலைமுறை தாண்டும். இன்னொன்று, வார்ப்பிரும்பு நொறுங்கும் குணமுள்ளது. கல் தரையில் விழுந்தால் விரிசல் விடலாம். கனம் ஒத்துவராதவர்களுக்கு கார்பன் ஸ்டீல் நல்ல மாற்று; அதே மாதிரி பழகும், எடை குறைவு, விழுந்தால் உடையாது.

இரும்பைப் பழக்குவது என்றால் எண்ணெய் ஊற வைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், மெல்லியதாகத் தடவிய எண்ணெய் சூட்டில் இறுகி, இரும்போடு பிடித்துக்கொண்ட கெட்டிப் படலமாக மாறுகிறது. தடிமனாகத் தடவினால் படலம் பிசுபிசுக்கும், பிறகு உரியும். தடவிய எண்ணெயை, தடவவே இல்லை என்று தோன்றும் அளவுக்குத் துடைத்துவிட்டுச் சூடேற்ற வேண்டும்.

சோப்பு போடக் கூடாது என்ற பயமும் தேவையில்லை. காரம் மிகுந்த பழைய காலச் சோப்புகளுக்குப் பொருந்திய எச்சரிக்கை அது. இப்போதைய பாத்திர லிக்விட் கொஞ்சம் போட்டுக் கழுவினால் நன்றாகப் பழகிய படலத்துக்கு ஒன்றும் ஆகாது. ஊறப்போட்டு விட்டுவிடுவதுதான் ஆபத்து. தக்காளி, எலுமிச்சை, வினிகர் சேர்ந்த சமையலை அதில் நெடுநேரம் கொதிக்கவிட்டாலும் படலம் கரையும், உணவில் இரும்பு வாசனை ஏறும். துரு பிடித்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கம்பி நாரால் தேய்த்து, காயவைத்து, மறுபடி பழக்கினால் பழையபடி வந்துவிடும். கெட்டது திரும்பச் சரியாகும் என்ற இந்த ஒரு விஷயத்தில் நான்ஸ்டிக்கால் இரும்பின் பக்கத்தில்கூட வர முடியாது.

கைப்பிடியைக் கடைசியில் பார்ப்பது

ரிவெட் அடித்தது, திருகு போட்டது, ஸ்பாட் வெல்டிங் வைத்தது என்று மூன்று வகை உண்டு. ரிவெட்தான் உறுதி, அதன் தலையைச் சுற்றி அழுக்கு சேரும், அவ்வளவுதான். திருகு தளரும், ஆனால் முடுக்கிக்கொள்ளலாம். சரியாக வைக்காத வெல்டிங் விட்டுப்போனால் வீட்டில் ஒன்றும் செய்ய முடியாது. ஓவனில் வைக்கும் எண்ணம் இருந்தால் முழு உலோகக் கைப்பிடியாகப் பாருங்கள்.

வாங்கிவந்த பிறகு செய்வது

சூடான பேனைக் குழாயடியில் பிடித்து 'சுர்ர்' என்று சத்தம் கேட்பதில் சிலருக்கு ஒரு திருப்தி. அடி வளைவதற்கு இதைவிடச் சுருக்கு வழி இல்லை. பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் காரமான பவுடர், நான்ஸ்டிக் பூச்சையும் அனோடைஸ் செய்த (மின்வேதி முறையில் மேற்பரப்பைக் கடினமாக்கிய) அலுமினியத்தையும் பதம் பார்க்கும். இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். ஸ்பிரே எண்ணெய் நான்ஸ்டிக்கில் பிசினாகப் படிந்துவிடும், அப்புறம் பூச்சு போய்விட்டது என்று தப்பாக நினைத்துத் தூக்கிப் போடுவோம். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது நடுவில் ஒரு துணி போடுங்கள்.

கடைசியாக, 'வாழ்நாள் உத்தரவாதம்' என்ற அட்டையைப் பின்பக்கம் திருப்பிப் படியுங்கள். பூச்சின் சாதாரணத் தேய்மானம், அதிகச் சூட்டால் வந்த சேதம் இரண்டும் பெரும்பாலும் அதில் சேராது. அதாவது நான்ஸ்டிக் பேனில் முதலில் போகும் பகுதிக்கு உத்தரவாதம் இருக்காது. கைப்பிடிக்கும் உடலுக்கும்தான் இருக்கும். எவர்சில்வர் பேனுக்கு அதே வாசகம் உண்மையிலேயே பிரயோஜனப்படும். அதற்குமட்டும் ரசீதைப் பத்திரமாக எடுத்துவையுங்கள்.