தலைக்காயத்துக்குப் பின் நரம்பு உளவியல் மதிப்பீடு: கிளினிக்குக்கும் வழக்குக்கும் ஆயத்தமாவது எப்படி

மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்ட ஒருவர் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பி, நன்றாக நடக்கிறார், பேசுகிறார், சீ.ரீ. ஸ்கானிலும் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. ஆனால் சுன்னாகம் சந்தையில் வெங்காயம் விற்கும் அவர் மிச்சக் காசைப் பிழையாகக் கொடுக்கிறார், சொன்னதையே திரும்பக் கேட்கிறார், முன்பில்லாத கோபம் வருகிறது. ஸ்கானில் பிடிபடாத இத்தகைய மாற்றங்களைக் கவனம், ஞாபகம், திட்டமிடல், மொழி என்று பிரித்து அளப்பதே நரம்பு உளவியல் மதிப்பீடு.

முதல் வேலை, விபத்துக்கு முந்திய மனிதர் எப்படிப்பட்டவர் என்பதற்குச் சான்று சேர்ப்பது. பரீட்சிப்பவருக்குக் கிடைப்பது இன்றைய புள்ளி மட்டுமே. அது வீழ்ச்சியா, அவருடைய வழமையான அளவா என்பதைப் பழைய ஆவணங்களே சொல்லும். க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு, வேலைத்தலக் கடிதம், வங்கிப் புத்தகம் ஆகியவற்றை எடுத்து வையுங்கள். என் அனுபவத்தில் இவை எல்லாவற்றையும்விடப் பயன்பட்டது, வியாபாரியின் கணக்குக் கொப்பி: விபத்துக்கு முந்திய மாதத்தின் பக்கத்தையும் பிந்திய மாதத்தின் பக்கத்தையும் அருகருகே விரித்தால், கூட்டல் பிழைகளும் பாதியில் விடப்பட்ட வரிகளும் தாமாகவே பேசும். நோய் நிர்ணய அட்டையில், சுயநினைவின் நிலையை அளக்கும் கிளாஸ்கோ அளவுகோலின் புள்ளி குறிக்கப்பட்டுள்ளதா என்றும் பாருங்கள். 1974 இல் அறிமுகமான அந்த அளவுகோல் 3 முதல் 15 வரை செல்லும். 8 அல்லது அதற்குக் குறைந்தால் கடுமையான காயம், 13 முதல் மேலே இலேசானது. விபத்துக்குப் பிறகு எத்தனை மணி நேரம், அல்லது எத்தனை நாட்கள், நடந்தவை மனதில் தங்காமல் போயின என்பதையும் உடனிருந்தவர் எழுதி வைப்பது நல்லது.

அடுத்தது மொழி. தமிழ்மூலம் படித்தவரைத் தமிழில்தான் பரீட்சிக்க வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். உறவினர் மொழிபெயர்ப்பாளராக அமர்வது கூடாது, ஏனெனில் அன்பு மிகுதியில் அவர் விடையையும் சேர்த்துச் சொல்லிவிடுவார். ஆங்கிலச் சோதனையைச் சொல்லுக்குச் சொல் மாற்றினாலும் போதாது. ஒரு நிமிடத்தில் குறித்த ஓர் எழுத்தில் தொடங்கும் சொற்களைச் சொல்லும்படி கேட்பார்கள். தமிழில் 'க' என்றால் கா, கி, கூ எல்லாம் அடங்குமா என்பதை முன்கூட்டியே தெளிவாக்காவிட்டால் புள்ளிக்குப் பொருளில்லை. ஞாபகம், கவனம் முதலியவற்றைச் சுருக்கமாகப் பார்க்கும் மொன்றியல் சோதனையில் (MoCA) 30 புள்ளிகள். 26 க்குக் கீழே போனால் மேலும் ஆராய வேண்டும் என்பது பொது விதி. படிப்புக் குறைந்தவருக்கு ஒரு புள்ளி கூட்டிக் கொடுக்கப்படும், ஆனால் ஐந்தாம் வகுப்போடு நின்றவருக்கு அந்த ஒரு புள்ளி ஈடாகாது என்பது என் கருத்து. மேலும், அது ஆரம்ப வடிகட்டல் மட்டுமே. அதை வைத்து வழக்காடப் போகாதீர்கள்.

அதே சோதனையில் ஒரு மணிக்கூட்டை வரைந்து பதினொன்று பத்துக்கு முட்களை வைக்கச் சொல்வார்கள். நிமிட முள் 2 இல் நிற்க வேண்டும். மூளையின் முன்பகுதி பாதிக்கப்பட்ட சிலர், 'பத்து' என்ற சொல்லில் இழுபட்டு, அதை 10 இல் வைத்துவிடுவார்கள். ஆகவே, வீட்டில் ஒத்திகை பார்க்க வேண்டாம். பழகிய விடை குறையை மறைக்கும். முன்பு சோதனை செய்திருந்தால், அதன் திகதியைச் சொல்லிவிடுங்கள்.

சோதனை நாளில் நித்திரை, சாப்பாடு, மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவி எல்லாம் ஒழுங்காக இருக்கட்டும். வலிப்பு மாத்திரைகளின் பெயரையும் அளவையும் எழுதிக் கொண்டு போங்கள். அவற்றிற் சில மந்தத்தை உண்டாக்கும். மனச்சோர்வும் போர்க்கால நெருக்கீட்டின் மிச்சங்களும் கவனத்தைக் குலைக்கும் என்பதால், அவற்றை மறைக்காதீர்கள். விபத்து நடந்து சில வாரங்களில் செய்த சோதனை சிகிச்சைக்கு உதவும். ஆனால் நிரந்தரப் பாதிப்பைக் கணக்கிட அது மிக முந்தியது. முதல் ஆறு மாதங்களில் மீட்சி வேகமாக இருக்கும் என்பதால், நட்டஈட்டு வழக்குக்கு ஏறத்தாழ ஓராண்டு பொறுத்துச் செய்வது நல்லது.

நட்டஈடு பெரிதாகட்டும் என்று குறையைக் கூட்டிக் காட்டச் சொல்லும் உறவினர் எப்போதும் ஒருவர் இருப்பார். கேட்காதீர்கள். இரண்டு படங்களைக் காட்டி, முன்பு பார்த்தது எது என்று கேட்கும் சோதனைகள் உண்டு. எதுவுமே நினைவில்லாமல் குருட்டாம்போக்கில் சுட்டினாலும் ஏறக்குறையப் பாதி சரியாக வரும். பாதிக்கும் வெகு கீழே போனால், சரியான விடை தெரிந்தே தவிர்க்கப்பட்டது என்ற முடிவுக்கே பரீட்சிப்பவர் வருவார், உண்மையான பாதிப்பும் அதோடு நம்பிக்கை இழக்கும்.

நீதிமன்றத்தில் இந்த அறிக்கை, சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 45 ஆம் பிரிவின்படி நிபுணரின் அபிப்பிராயமாகவே முன்வைக்கப்படும், தீர்ப்பு நீதிபதியுடையது. குற்றவழக்கு என்றால் கேள்வியே வேறு. தண்டனைச் சட்டக்கோவையின் 77 ஆம் பிரிவு, செயலைப் புரிந்த அந்த நேரத்தில், சித்த சுவாதீனமின்மையால், செயலின் தன்மையையோ அது பிழை என்பதையோ சட்டத்துக்கு மாறானது என்பதையோ அறிய முடியாதிருந்தாரா என்று பார்க்கிறது. அதை நிறுவும் சுமை எதிரியின், அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவரின், மேல். இன்று எடுத்த குறைந்த ஞாபகப் புள்ளி அன்றைய மனநிலையை நேரடியாகக் காட்டாது. அன்று அவரைக் கண்டவர்களின் வாக்குமூலத்தோடு சேர்த்தே அது எடைபோடப்படும்.

ஆகையால், சட்டத்தரணி உளவியலாளரிடம் 'மூளை பாதிக்கப்பட்டுள்ளதா' என்று பொதுவாகக் கேட்காமல், 'இவர் தனியாகக் கடை நடத்த முடியுமா, காசைத் தானே கையாள முடியுமா' என்று எழுத்தில் கேட்கும்படி வலியுறுத்துங்கள். கணக்குக் கொப்பியின் பக்கங்களைப் பிரதி எடுத்து உளவியலாளரிடம் கொடுங்கள். மூலக் கொப்பியை, ஒரு தாளும் கிழிக்காமல், விசாரணை நாள்வரை வீட்டில் பூட்டி வையுங்கள்.