ஸ்பீக்கரை மாற்றும் முன் அறையைச் சரிசெய்யுங்கள்

கடையில் தெளிவாகக் கேட்ட ஸ்பீக்கர் வீட்டு ஹாலுக்கு வந்ததும் பேஸ் (தாழ்ந்த, கனத்த ஒலி) குமுறுகிறது, பாட்டு வரிகள் புரியவில்லை. உடனே ஆம்ப்ளிஃபயரை மாற்றலாமா, விலை கூடிய கேபிள் வாங்கலாமா என்று யோசனை ஓடும். தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள். ஸ்பீக்கரிலிருந்து நேரே வரும் ஒலியோடு, சுவரிலும் தரையிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் ஒலியும் சேர்ந்துதான் காதுக்கு வருகிறது. டைல்ஸ் தரை, பூசிய சுவர், கான்கிரீட் கூரை என்றிருக்கும் நம் வீடுகளில் ஒலியை உறிஞ்ச ஏதும் கிடையாது. முதலில் காசு செலவில்லாத வேலைகளைப் பார்ப்போம். 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரமுள்ள அறையை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: கைதட்டுங்கள்

அறை நடுவில் நின்று ஒருமுறை ஓங்கிக் கைதட்டுங்கள். தட்டிய பிறகு தகரம் அதிர்வது போல ‘ட்ர்ர்ர்’ என்று ஒலி நீண்டால், எதிரெதிரே இருக்கும் இரண்டு வெறும் சுவர்களுக்கு இடையே அது மாறிமாறி மோதுகிறது. துணி அலமாரியோ கனமான திரையோ இருக்கும் பக்கம் போய்த் தட்டினால் அந்த நீட்டம் குறையும்.

படி 2: பேஸ் எங்கே தேங்குகிறது?

அவசரப்படாமல் செய்ய வேண்டிய படி இது. ஒலி நொடிக்குச் சுமார் 346 மீட்டர் ஓடுகிறது. அதை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுங்கள். 12 அடி என்பது 3.66 மீட்டர்; விடை ஏறக்குறைய 47 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 47 அதிர்வு. அந்தச் சுருதி வரும்போது அறையும் சேர்ந்து முழங்கும். 10 அடி அகலத்துக்கு 57 ஹெர்ட்ஸ். கூரையும் 10 அடி உயரம் என்பதால் அங்கேயும் அதே 57. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்வதால்தான் பேஸ் கிடாரில் ஒரு நோட் மட்டும் ‘தொம்ம்ம்’ என்று இழுக்கிறது.

கேட்ட சுருதியை மட்டும் ஒலிக்கும் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றைச் செல்போனில் போட்டு, போனை ஸ்பீக்கரோடு இணைத்து, 47 ஹெர்ட்ஸை மிகக் குறைந்த வால்யூமில் ஓடவிடுங்கள். சத்தத்தைக் கூட்டினால் ஸ்பீக்கர் கெட்டுவிடலாம். இப்போது அறையின் நீளவாட்டில் மெதுவாக நடந்து பாருங்கள். சுவரோரம் வயிற்றில் உணரும் அளவுக்கு இருக்கும் பேஸ், நடுவில் வரும்போது பெரும்பாலும் காணாமலே போகும். உங்கள் ஸ்பீக்கர் சிறியது, 47 எட்டவில்லை என்றால் 94 வைத்துப் பாருங்கள். அது கால்வாசி, முக்கால்வாசி தூரங்களில் மறையும், நடுவில் எழும்பும்.

படி 3: நாற்காலி, பிறகு ஸ்பீக்கர்

சோபாவைப் பின்சுவரில் ஒட்டிப் போடுவது நம் வழக்கம். அங்கேதான் பேஸ் அதிகம் குமுறும். நட்ட நடுவிலும் உட்காராதீர்கள். பின்சுவரிலிருந்து நாலரை அடி முன்னே தொடங்கி, அரை அடி அரை அடியாக நகர்த்திக் கேளுங்கள்.

ஸ்பீக்கர்களை 10 அடிச் சுவர்ப்பக்கம், ஒன்றுக்கொன்று 6 அடி தள்ளி வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கச்சுவர் 2 அடியில் வரும். பின்னாலிருக்கும் சுவரிலிருந்து இரண்டே கால் அடி விடுங்கள். உங்கள் தலைக்கும் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஏறக்குறைய 6 அடி அமைந்துவிடும். மூலையில் தள்ளினால் பேஸ் கூடும், ஆனால் தெளிவு போய்விடும். ட்வீட்டர், அதாவது ஸ்பீக்கரில் கூர்மையான ஒலியைத் தரும் சிறிய வட்டம், காது உயரத்தில் இருக்கட்டும்.

படி 4: கண்ணாடியும் மெத்தையும்

நீங்கள் உங்கள் இடத்தில் உட்காருங்கள். வீட்டில் ஒருவரைப் பக்கச்சுவரோடு ஒட்டி, ட்வீட்டர் உயரத்தில் கண்ணாடியை நகர்த்தச் சொல்லுங்கள். கண்ணாடியில் ட்வீட்டர் தெரியும் இடம்தான் ஒலி முதலில் பட்டுத் திரும்பும் இடம். பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். மறுபக்கமும் அப்படியே.

ஏதும் வாங்கும் முன் படுக்கையறையிலிருந்து இலவம்பஞ்சு மெத்தையைக் கொண்டுவந்து அந்தக் குறியின்மேல் சாய்த்து வைத்துப் பாட்டைக் கேளுங்கள். இதற்கு ஒரு முன்னோடி உண்டு. 1895-இல் ஹார்வர்டில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரைக் கூடத்தில் பேச்சே புரியவில்லை. வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியர், பக்கத்து அரங்கத்தின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து அடுக்கி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். அறையின் கன அளவும் உறிஞ்சும் பரப்பும் அந்த நேரத்தை எப்படித் தீர்மானிக்கின்றன என்று அவர் கண்ட விதியை இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

மெத்தை வைத்ததும் குரல் தெளிந்தால், மரச்சட்டத்தில் 50 மில்லிமீட்டர் ராக்வூல் (பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு) பலகை வைத்துப் பருத்தித் துணி போர்த்தி மாட்டுங்கள். சுவருக்கும் அதற்கும் இடையில் இரண்டு அங்குலம் இடைவெளி விட்டால் பலன் கூடும். ராக்வூலை வெட்டும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம்.

முட்டை அட்டையை ஒட்டாதீர்கள். ஓர் அங்குல ஃபோமையும் சுவர் முழுக்க ஒட்டாதீர்கள். 57 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 6 மீட்டர். மெல்லிய ஃபோம் அதை ஒன்றும் செய்யாது. ட்ரெபிளை (கூர்மையான ஒலியை) மட்டும் தின்றுவிட்டுப் பேஸை அப்படியே விடும், பாட்டு மந்தமாகிவிடும். பேஸை அடக்க, மூலைகளில் தரையிலிருந்து கூரைவரை தடிமனான ராக்வூல் அடுக்குதான் வேண்டும்.

படி 5: கடைசியாக ஈக்வலைசர்

ஒவ்வொரு சுருதியின் அளவையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதிதான் ஈக்வலைசர். இத்தனையும் முடிந்த பிறகே இதைத் தொடுங்கள். 57 ஹெர்ட்ஸில் முழக்கம் மிச்சமிருந்தால் அங்கே மட்டும் குறைக்கலாம். பேஸ் மறையும் இடத்தில் கூட்டிச் சரிக்கட்ட முயல வேண்டாம். எவ்வளவு கூட்டினாலும் திரும்பி வரும் அலையும் அதே அளவு கூடி அதை அழித்துவிடும், ஆம்ப்ளிஃபயர்தான் திணறும். அப்படிப்பட்ட இடம் அமைந்தால் நாற்காலியை இன்னும் அரை அடி நகர்த்துங்கள்.