ஆட்டத்துக்கு வரும்போது ஒரு எண்ணெய்ப் பாக்கெட்

சிங்கப்பூரின் ஜாலான் புசார் காற்பந்து அரங்கில் எங்கள் அணி ஆடும் நாள்களில், வசதி குறைந்த குடும்பங்களுக்காக உணவுப்பொருள் திரட்டும் மேசை என் பொறுப்பு. நீங்களும் தொடங்குவதானால், நன்கொடை உணவைத் திரட்டி வழங்கும், 2012 முதல் இயங்கும் ஃபுட் பேங்க் சிங்கப்பூர் போன்ற அமைப்பிடம் என்ன தேவை, எப்போது கொண்டுவரலாம் என்று முதலில் பேசிவிடுங்கள். அறிவிப்பெல்லாம் பிறகுதான். பணம் வாங்காதீர்கள். பொது இடத்தில் உண்டியல் ஏந்த உரிமம் வேண்டும்.

மேசையை நுழைவாயிலை ஒட்டிப் போடுங்கள். உட்கார்ந்துவிட்டவர் எழுந்து வரமாட்டார். பெட்டி சின்னதாக இருக்கட்டும். டின் நிறைந்த பெரிய பெட்டியை இரண்டு பேராலும் தூக்க முடியாது. ஹலால் முத்திரை உள்ளவற்றைத் தனியாக வையுங்கள்.

காலாவதித் தேதியை வாங்கும்போதே பாருங்கள். முதல் தடவை நான் பார்க்கவில்லை. ஆட்டம் முடிந்து, விளக்குகள் அணையும் நேரத்தில், தரையில் மண்டியிட்டு ஒவ்வொரு சார்டின் டின்னாகத் திருப்பிப் பார்த்தேன். பதினொன்று கெடு தாண்டியவை. நம் அக்கம்பக்கத்துக் குடும்பம் சாப்பிடப்போவது அல்லவா? மனசு கேட்கவில்லை. இப்போது மார்க்கர் பேனாவால் மூடியிலேயே தேதியைப் பெரிதாக எழுதிவிடுகிறோம்.

இடைவேளையில் ஒலிபெருக்கியில் குறிப்பாகக் கேளுங்கள்: “அரிசி போதும், அடுத்த ஆட்டத்துக்குச் சமையல் எண்ணெய் கொண்டுவாருங்கள்.” தமிழிலும் சொல்லச் சொல்லுங்கள், எங்கள் பாட்டிமார் அதைக் கேட்டுத்தான் பையோடு வருகிறார்கள்.