ஊட்டியில் எடைப் பயிற்சியும் ஓட்டமும்

ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். கோவையிலிருந்து பயிற்சிக்கு ஏறிவரும் பிள்ளைகள் முதல் வாரமே கீழே ஓடிய நேரத்தை எட்டப் பார்ப்பார்கள்; முடியாது. மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் இங்கே குறைவு. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், திறமையே போய்விட்டதாக நினைத்து மனம் உடைந்துபோவார்கள். முதல் 10 நாள் கடிகாரம் வேண்டாம். பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம் போதும்.

எடையும் ஓட்டமும் ஒரே நாளில் வந்தால் நடுவில் 6 மணி நேரமாவது விடுங்கள். அதற்கு வழியில்லை, வலிமைதான் முக்கியம் என்றால் எடை முதலில். களைத்த காலோடு ஸ்குவாட் (எடைக் கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) செய்தால் முதுகு வளையும். காயம் அங்கேதான் தொடங்கும். எடைப் பயிற்சி வாரம் 2 நாள், 5 முறை வீதம் 3 செட் (சுற்று), செட்டுக்கு நடுவே 3 நிமிட ஓய்வு. இன்னும் இரண்டு முறை தூக்கலாம் என்ற நிலையிலேயே நிறுத்திவிடுங்கள். தூக்க முடியாமல் கம்பியைக் கீழே விட்ட நினைவு அடுத்த பயிற்சிக்கும் கூடவே வரும்.

மேட்டு ஓட்டம் 45 வினாடி, 6 தடவை. இறங்கும்போது நடந்தே வாருங்கள், தொடை வலி பெரும்பாலும் இறக்கத்தில் ஓடுவதால் வருவது.

தூக்கிய எடை, ஏறிய மேடு எல்லாம் ஒரு நோட்டில் ஏறட்டும். போட்டிக்கு முந்தின இரவு அதைப் புரட்டச் சொல்லுங்கள். பக்கத்துப் பிள்ளையின் கணக்கை மட்டும் அதில் எழுத விடாதீர்கள்.