மயிலாப்பூரில் வீடு பார்க்கிறீர்களா? முதலில் நடந்து பாருங்கள்

தரமணிப் பக்கம் வேலை, தங்குவதற்கு மயிலாப்பூர் என்று முடிவு செய்திருந்தால், வீட்டுக்கு முன் தெருவைப் பாருங்கள். "ஸ்டேஷன் அஞ்சு நிமிஷம்தான் சார்" என்று புரோக்கர் சொல்வது பைக் கணக்கு.

காலை எட்டரைக்கு ஆபீஸ் பையை மாட்டிக்கொண்டு, அந்த வீட்டு வாசலிலிருந்து திருமயிலை பறக்கும் ரயில் நிலையம் வரை ஒருமுறை நடங்கள். பிளாட்பாரம் உயரத்தில் இருக்கிறது, படியேறும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நடைபாதையில் வண்டிகள் நின்று, எங்கெங்கே ரோட்டில் இறங்க வேண்டியிருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். அப்புறம் இரவு ஒன்பதரைக்கு அதே வழியில் திரும்புங்கள். தெருவிளக்கு, நாய்கள் இரண்டையும் அப்போதுதான் பார்க்க முடியும்.

ஐப்பசி மழையில் தண்ணீர் எங்கே நிற்கும்? தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரைக் கேளுங்கள், முழங்காலா கணுக்காலா என்பது வரை சொல்வார்.

குடிவந்த பிறகு பெரிய ஃபிரிட்ஜ் தேவைப்படாது. தெற்கு மாட வீதியில் திரும்பும் வழியிலேயே கால் கிலோ வெண்டைக்காய், ஒரு கட்டு கீரை வாங்கிவிடலாம். பையில் ஒரு மஞ்சப்பை எப்போதும் இருக்கட்டும்.

பங்குனியில் கபாலீஸ்வரர் கோயில் தேர், அறுபத்துமூவர் விழா நாட்களில் மட்டும் வீடு மாற்றாதீர்கள். நான் மாற்றினேன். டெம்போ தூரத்திலேயே நின்றுவிட்டது, மெத்தை என் தலையில் வந்தது.