மெல்லிய டயரும் கரடான பாதையும்: ரோடு பைக் ஓட்டும் முறை

ரோடு பைக் என்பது வழவழப்பான தார்ச்சாலைக்கென்றே அமைந்த, மெல்லிய டயர் கொண்ட சைக்கிள். ஆனால் சென்னையில் அதை ஓட்டுகிறவருக்கு, வீட்டு வாசலிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையை எட்டுவதற்குள் பேவர் பிளாக் பதித்த நடைபாதை, புதுத் தார் போடுவதற்காகச் சுரண்டி விட்ட தெரு, வேகத்தடை, மணல் என எல்லாமே எதிர்ப்பட்டுவிடும்.

புறப்படும் முன் டயரின் காற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். டயர் கல்லைப்போல் இருந்தால்தான் வேகம் வரும் என்று நம்பி, அதன் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவு வரை காற்றடிப்பவர்கள் பலர். கரடான தரையில் அத்தகைய டயர் ஒவ்வொரு மேட்டிலும் துள்ளி, பிடிப்பையும் வேகத்தையும் ஒருசேர இழக்கிறது. 70 கிலோ எடையுள்ளவர், 28 மி.மீ. அகல டயரில் பின்சக்கரத்துக்கு 75 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு), முன்சக்கரத்துக்கு 70 என்று தொடங்கி, ஓட்டிப் பார்த்துக் கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம். அளவுக்கு மீறிக் குறைத்தால், பள்ளத்தின் விளிம்பில் மோதும்போது டியூப் ரிம்முக்கும் தரைக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் அருகருகே இரண்டு ஓட்டைகள் விழும். முதன்முறை எனக்கு அப்படி ஆனபோது, ஒன்றை மட்டும் கண்டு பேட்ச் ஒட்டிவிட்டு, சற்று நேரத்திலேயே மீண்டும் சாலையோரம் உட்கார நேர்ந்தது.

வேகத்தைப் பள்ளத்துக்கு முன்பே குறைத்துவிட வேண்டும். உள்ளே இறங்கிய பின் பிரேக் பிடித்தால் எடை முழுவதும் முன்சக்கரத்தின் மேல் சாயும். பெடல்கள் இரண்டையும் சமமட்டத்தில் நிறுத்தி, சீட்டிலிருந்து சற்றே எழுந்து, முழங்கைகளை மடக்கி வைத்தால் அதிர்ச்சியைக் கை கால்கள் வாங்கிக்கொள்ளும். சுரண்டிய சாலையின் நீளவாக்குக் கோடுகள் மெல்லிய டயரைத் தம் போக்கில் இழுக்கும். அப்போது ஹேண்டிலை இறுக்கிப் பிடித்துப் போராடாமல், தளர்வான பிடியோடு சீராக மிதித்துக் கடப்பதே நல்லது. மணலில் திருப்பவும் கூடாது, பிரேக்கும் கூடாது. சக்கரம் போகும் திசையிலேயே கம்பிகள் அமைந்த வடிகால் மூடியைக் கண்டால் விலகிச் செல்ல வேண்டும், ஏனெனில் அந்த இடுக்கில் டயர் அப்படியே இறங்கிவிடும்.

நடைபாதை நடப்பவர்களுக்கு உரியது. வேறு வழியே இல்லாத சிறு தூரத்துக்கு மட்டும், நடை வேகத்தில் செல்லலாம். மழைக்குப் பின் பேவர் பிளாக் வழுக்கும். பெயர்ந்த கல் ஒருபுறம் அமுங்கி அடியிலிருந்து சேற்றுநீரைப் பீய்ச்சும். வீட்டு கேட்டுகளிலிருந்து பின்னோக்கி வரும் கார்களின் மேல் ஒரு கண் இருக்கட்டும். விளிம்புக்கல்லில் சாய்வாக ஏற முயன்றால், டயர் கல்லை உரசியபடி வழுக்கி ஆளைக் கீழே தள்ளிவிடும். பத்துக் கிலோவைத் தாண்டாத வண்டிதானே, இறங்கித் தூக்கி வைப்பதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

வீடு திரும்பியதும் டயரில் பதிந்த கண்ணாடித் துணுக்குகளை எடுத்துவிட்டு, சக்கரத்தைச் சுழற்றிப் பார்க்க வேண்டும். ரிம் பக்கவாட்டில் ஆடினால், ஸ்போக் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்த பின்பே மறுபடி வண்டியை எடுக்க வேண்டும்.