‘பிஹேவ்’ என்று மட்டும் சொன்னால், எப்படி நடந்துகொள்வது?

மாலை வகுப்புக்கு வருகிற ஒரு அப்பா, மகனுடைய பள்ளி டைரியைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அதில் சிவப்பு மையில் ஒரே வரி: “ப்ளீஸ் ஆஸ்க் யுவர் சன் டு பிஹேவ்.” அந்த வரிக்கு அடியில் விரலை வைத்துக்கொண்டு, “டீச்சர், எப்படி நடந்துக்கணும்னு எழுதாம விட்டுட்டாங்களே, வாக்கியம் பாதியில நிக்குதே” என்றார்.

பதினெட்டு வருடமாகப் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தச் சொல்லைப் பற்றி இதைவிட நல்ல கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அகராதியில் ‘நடந்துகொள்’ என்று பார்த்து மனப்பாடம் செய்தவர்கள் எல்லாரும் முட்டிக்கொள்கிற இடம் அது.

தமிழில் ‘நடந்துகொள்’ தனியாக நிற்காது. மரியாதையாக, ஒழுங்காக, பெரிய மனுஷன் மாதிரி என்று ஏதாவது ஒன்று முன்னால் வந்தாக வேண்டும். வெறுமனே “நடந்துகொள்” என்றால் கேட்கிற பிள்ளை முழிக்கும். ஆங்கிலச் சொல் அப்படி இல்லை. பக்கத்தில் ‘எப்படி’ என்று சொல்கிற சொல் எதுவும் இல்லாவிட்டால், ‘ஒழுங்காக’ என்பது அதன் உள்ளேயே இருக்கிறது. அதனால் இந்தச் சொல்லைப் பார்த்ததும் முதலில் அதன் பக்கத்தில் ‘எப்படி’ இருக்கிறதா என்று தேடுங்கள். “ஷி பிஹேவ்ட் ரூட்லி” என்றால் ‘எப்படி’ இருக்கிறது. அவள் மரியாதையில்லாமல் நடந்துகொண்டாள். “பிஹேவ்!” என்று மட்டும் வந்தால், வீட்டில் நாம் சொல்கிற “ஒழுங்கா இரு.” “ஹி இஸ் நாட் பிஹேவிங்” என்றால் பையன் சேட்டை பண்ணுகிறான். டைரியில் இருந்த வரி முழு வாக்கியம்தான் என்று அவருக்கு அப்போதுதான் தெளிவானது.

அப்புறம் ‘பிஹேவ் யுவர்செல்ஃப்’. “உன்னை நீயே எதுக்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. இந்தச் சொல் 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது, ‘தன்னை ஒரு விதமாக வைத்துக்கொள்வது’ என்பதுதான் அதன் பொருள். ‘ஹேவ்’ என்ற வினையோடு ‘பி’ என்ற முன்னொட்டு சேர்ந்து உண்டானது. இதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. நம் ‘நடந்துகொள்’ளிலும் அதே வேலையை ‘கொள்’ செய்கிறது அல்லவா? கொள் என்றால் பிடித்து வைப்பது. செய்கிறவர் பக்கமே செயலைத் திருப்பிவிடுவது. இரண்டு மொழியும் ஒரே இடத்துக்குத் தனித்தனி வழியில் வந்திருக்கின்றன. ‘யுவர்செல்ஃப்’பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது நம் ‘கொள்’தான். இன்றைய பேச்சில் அது ‘ஒழுங்காக இரு’ என்ற பொருளோடு மட்டும் வருகிறது என்று வைத்துக்கொண்டால் போதும். ‘எப்படி’ என்று சொல்கிற சொல் வந்துவிட்டால் ‘யுவர்செல்ஃப்’பை விட்டுவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பெரியவர்களிடம் “பிஹேவ் யுவர்செல்ஃப்” என்று சொல்லாதீர்கள். “கொஞ்சம் மரியாதையா நடந்துக்கோங்க” என்பதில் கண்டிப்பு இருந்தாலும் ‘ங்க’ இருக்கிறது. ஆங்கில வரியில் அந்த ‘ங்க’வுக்கு இடமில்லை. கேட்கிறவரைக் குழந்தையாக்கி மூலையில் உட்காரவைக்கிற தொனி அதில் உண்டு.

நான் அதிகமாகத் திருத்துகிற தவறு வேறு. ஒரு மாணவி எழுதிய கடிதத்தில், “மை மேனேஜர் பிஹேவ்ட் மீ பேட்லி” என்று இருந்தது. ‘என்னை மோசமா நடத்தினார்’ என்று மனதில் தமிழில் நினைத்திருக்கிறார், அது அப்படியே இறங்கிவிட்டது. தமிழில் நடந்துகொள்வதும் நடத்துவதும் ஒரே வேரில் பிறந்தவை, அதனால்தான் கை தவறுகிறது. ஆங்கிலத்தில் இரண்டும் வேறு வேறு சொற்கள். ‘என்னை’ என்று வந்தால் ‘ட்ரீட்’: “ஹி ட்ரீட்டட் மீ பேட்லி.” ‘என்னிடம்’ என்று வந்தால் ‘பிஹேவ்’: “ஹி பிஹேவ்ட் பேட்லி டுவர்ட்ஸ் மீ.” வேற்றுமை உருபைக் கவனித்தாலே சரியான வினை கிடைத்துவிடும். ஐ என்றால் ட்ரீட், இடம் என்றால் பிஹேவ். நம் மொழி கையில் கொடுத்திருக்கிற அளவுகோல் இது, வீணாக்காதீர்கள்.

‘நல்லா நடந்துக்கிட்டான்’ என்பதற்கு ‘குட்’ போடக் கூடாது, ‘வெல்’ போட வேண்டும். இது பலருக்குத் தெரியும். ‘ஃப்ரெண்ட்லி’தான் மாட்டிவிடும். ‘லி’ என்று முடிகிறதே என்று அதை வினையடையாக நினைத்துக்கொள்கிறோம். அது பெயரடை, எனவே “இன் எ ஃப்ரெண்ட்லி வே” என்று நீட்டித்தான் எழுத வேண்டும். ‘சில்லி’க்கும் இதேதான்.

‘மாதிரி’யிலும் கொஞ்சம் நிதானம் வேண்டும். குழந்தை மாதிரி, ஒன்றுமே நடக்காத மாதிரி என்று நாம் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைப் போடுகிறோம். ஆங்கிலத்தில் பின்னால் வருவது பெயர்ச்சொல் என்றால் ‘லைக்’: “பிஹேவிங் லைக் எ சைல்ட்.” முழு வாக்கியம் வந்தால், எழுத்தில் ‘அஸ் இஃப்’: “ஹி பிஹேவ்ட் அஸ் இஃப் நத்திங் ஹாட் ஹாப்பன்ட்.”

அந்த மாணவியின் கடிதத்துக்குத் திரும்புகிறேன், அடுத்த வரிதான் முக்கியமானது. “ஹி மிஸ்பிஹேவ்ட் வித் மீ” என்று எழுதியிருந்தார். தமிழ்ப் பேச்சில் ஒரு பெண் “மிஸ்பிஹேவ் பண்ணினான்” என்று சொன்னால், மேலே கேட்காமலே நமக்குப் புரியும். அந்தச் சொல் அவளுக்கு ஒரு மறைப்பு, கேட்கிறவருக்கு ஒரு சைகை. ஆனால் இந்தப் பழக்கம் இல்லாத ஆங்கில வாசகருக்கு அது வகுப்பில் காகித ராக்கெட் விடுகிற பையனுக்குச் சொல்கிற லேசான சொல். புகார்க் கடிதத்தில் அது விழுந்தால், நடந்தது சின்ன விஷயமாகிவிடும். பென்சிலால் அந்த வரியை மெதுவாக அடித்துவிட்டு, “என்ன செஞ்சாரோ அதை மட்டும் எழுதும்மா, எந்தத் தேதி, எந்த அறை, என்ன சொன்னார்” என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மூன்று வரி எழுதினார். அந்த மூன்று வரியில் ‘பிஹேவ்’ வரவே இல்லை. உங்களுக்கும் அப்படி ஒரு கடிதம் எழுத நேர்ந்தால், இந்தச் சொல்லை நம்பாதீர்கள். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.

இதன் பெயர்ச்சொல்லிலும் இப்படி ஒரு நிழல் உண்டு, ஆனால் எதிர்ப்பக்கம். ‘நடத்தை’ என்று தமிழில் சொன்னால், அதுவும் ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னால், ஒழுக்கத்தின் மேல் கை வைத்த மாதிரி ஆகிவிடும். ‘பிஹேவியர்’ என்ற சொல்லில் அந்தக் கறை இல்லை. எனவே “ஹெர் பிஹேவியர் வாஸ் ஆட்” என்பதை “அவள் நடத்தை சரியில்லை” என்று மொழிபெயர்த்தால் செய்யாத குற்றத்தைச் சுமத்துகிறோம். “அன்றைக்கு அவள் ஒரு மாதிரியாக இருந்தாள்” என்பதே போதும்.

மனிதர்கள் மட்டும்தான் ‘பிஹேவ்’ செய்வார்கள் என்றில்லை. தண்ணீரைக் குளிரவைத்தால் சுருங்கும். ஏறக்குறைய 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் விரிய ஆரம்பிக்கும். இதை ஆங்கில அறிவியல் புத்தகம் “வாட்டர் பிஹேவ்ஸ் டிஃபரன்ட்லி” என்று சொல்லும். தண்ணீர் நடந்துகொள்கிறது என்று தமிழில் எழுதினால் ஒட்டாது. அதன் தன்மை மாறுகிறது என்று எழுதுங்கள். உலோகம், எலக்ட்ரான், மென்பொருள் எல்லாவற்றுக்கும் இதே வழி.

உச்சரிப்பு சுலபம். தனியாக வரும் ‘ஹேவ்’வின் உயிரொலி தமிழில் இல்லை, வாயை அகலமாகத் திறக்க வேண்டும். ‘பிஹேவ்’வில் வருவது ‘நேம்’, ‘கேம்’ ஆகியவற்றில் வருகிற ஏ. நம் ஏகாரத்தைப் போட்டு, ‘பி’யைச் சட்டென்று விட்டு, அழுத்தத்தை ‘ஹேவ்’ மேல் வையுங்கள். டைரிக்குப் பதில் எழுதியபோது அந்த அப்பா தன் வரியைச் சத்தமாக மூன்று தரம் படித்துக் காட்டினார்: “ஹி வில் பிஹேவ்.” மூன்றாவது தரம் அழுத்தம் சரியாக விழுந்தது.